ரத்தம் நார்மல், ஆனால் கட்டி லுகேமியாவா? மைலாய்டு சார்கோமாவை உறுதிசெய்வது எப்படி

கேள்வி சுருக்கமாக இது. குடியாத்தம் பக்கத்தில் ஒருவரின் தம்பிக்கு 31 வயது. கழுத்தின் வலப்பக்கம் நெறிகட்டி, வலியில்லாமல் வளர்ந்திருக்கிறது. ஊசி குத்திப் பார்த்துவிட்டு டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் கட்டி பெருத்ததே தவிர வற்றவில்லை. பிறகு பயாப்சி. ரிப்போர்ட்டில் ‘ரவுண்ட் செல் ட்யூமர், லிம்போமாவாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது, அதாவது வட்டச் செல்களாலான கட்டி, நிணநீர்ப் புற்றாக இருக்கலாம் என்று. ஐ.எச்.சி.யில், அதாவது ஆன்டிபாடி போட்டுச் செல்லின் அடையாளப் புரதங்களைப் பார்க்கும் சோதனையில், சிடி45 மங்கலான பாசிட்டிவ், சிடி20 நெகட்டிவ், சிடி3 நெகட்டிவ், சிடி99 பாசிட்டிவ், கி-67 80 சதவீதம். ஒரு டாக்டர் லிம்போமா கீமோவை உடனே ஆரம்பிக்கலாம் என்கிறார். ஸ்லைடைப் பார்த்த இன்னொருவர், ‘மைலாய்டு சார்கோமாவா என்று பாருங்கள், அது லுகேமியா வகை’ என்கிறார். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ரத்தம் நன்றாக இருக்கும்போது லுகேமியா எப்படி வரும், யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போதே முடிவுகட்ட முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கீமோ ஆரம்பிக்கக் கூடாது. பி-செல் அடையாளமான சிடி20ம் இல்லை, டி-செல் அடையாளமான சிடி3ம் இல்லை என்று வந்த இடத்தில் நின்றுவிட்ட ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மீதி ஐ.எச்.சி. போட்டு முடிக்கச் சில நாட்கள் போதும். மூச்சுக்குழலை அழுத்துவது, கால் மரத்துப்போவது போன்ற அவசரம் எதுவும் இல்லாதவரை அந்தச் சில நாட்களைக் காத்திருப்பதால் நஷ்டமில்லை. தவறான கீமோவில் ஒரு சுற்று போய்விட்டால் நஷ்டம் பெரிது. லிம்போமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக் கூட்டு மைலாய்டு சார்கோமாவுக்கு உரிய சிகிச்சை அல்ல. கட்டி கொஞ்சம் சுருங்கிப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்ப வரும், அதற்குள் மறுபடி எடுத்துப் பார்க்க நல்ல திசுவும் மிஞ்சாது.

மைலாய்டு சார்கோமா என்பது எலும்பு மஜ்ஜைக்கு வெளியே, முதிராத மைலாய்டு செல்கள் (சில வகை வெள்ளையணுக்களின் முன்னோடிகள்) ஒரே இடத்தில் திரண்டு, அந்த இடத்தின் இயல்பான அமைப்பையே அழித்துக் கட்டியாக நிற்பது. ஆலன் பர்ன்ஸ் 1811-லேயே இதை விவரித்திருக்கிறார். வெட்டிய பரப்பு சில சமயம் பச்சையாக இருக்கும் என்பதால் குளோரோமா என்ற பழைய பெயரும் உண்டு. பச்சைக்குக் காரணம் செல்களுக்குள் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்ற என்சைம். அறுத்தவுடன் தெரியும் அந்த நிறம் காற்றுப் பட்டால் மங்கிவிடும். எல்லாக் கட்டியிலும் அது இருப்பதும் இல்லை. ஆகவே ‘பச்சையாக இல்லையே’ என்று ஒதுக்க முடியாது.

ரத்தம் நார்மல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய் நான்கு விதமாக வரும். ஏற்கெனவே அக்யூட் மைலாய்டு லுகேமியா இருப்பவருக்கு அதோடு சேர்ந்து வரலாம். சிகிச்சை முடிந்து, மாற்று மஜ்ஜை வைத்த பிறகுகூட, நோய் திரும்புவதன் முதல் அடையாளமாக வரலாம். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, எம்.டி.எஸ். (மஜ்ஜைச் செல்கள் சரியாக முதிராத நோய்), மைலோஃபைப்ரோசிஸ் (மஜ்ஜை நாராகும் நோய்) போன்றவை முற்றிப்போவதன் அறிகுறியாக வரலாம். நான்காவதுதான் குழப்பம் தருவது: ரத்தத்திலும் மஜ்ஜையிலும் எதுவும் இல்லாமல் கட்டி மட்டும் முதலில் வருவது. அப்படி வந்தாலும் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது அக்யூட் மைலாய்டு லுகேமியாவுக்குச் சமம்தான். மஜ்ஜையில் பிளாஸ்ட் செல், அதாவது முதிராத செல், 20 சதவீதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டோ, அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துவிட்டோ விட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மஜ்ஜையிலும் லுகேமியா வெளிப்படுகிறது. மஜ்ஜை சுத்தம் என்ற ரிப்போர்ட் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும். கட்டி என்ன என்பதை அது சொல்லாது.

அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளிகளில் 2.5 முதல் 9 சதவீதம் பேருக்கு இத்தகைய கட்டி வருவதாகப் பாடநூல்கள் சொல்கின்றன. தோல், நிணநீர்க் கணு, எலும்பு, கண்குழி, முதுகெலும்பை ஒட்டிய இடம், குடல், விதைப்பை, மார்பகம், கருப்பை என்று எங்கு வேண்டுமானாலும் வரலாம். குழந்தைகளுக்குக் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு வருவது தெரிந்த வடிவம்.

ஏன் தவறுகிறது?

ஹெச் அண்ட் ஈ என்ற சாதாரணச் சாயம் போட்ட ஸ்லைடில் இந்தச் செல்கள் நடுத்தர அளவில், வட்டமாக, மென்மையான குரோமட்டினோடு வரிசை வரிசையாகத் திசுவை ஊடுருவி நிற்கும். பெரிய பி-செல் லிம்போமா, லிம்போபிளாஸ்டிக் லிம்போமா, யூவிங் சார்கோமா, சரியாக முதிராத கார்சினோமா, மெலனோமா என எல்லாவற்றின் சாயலும் அதில் இருக்கும். கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு துப்பு கிடைக்கும்: பிளாஸ்ட் கூட்டத்துக்கு நடுவே ஆங்காங்கே, சைட்டோபிளாசத்தில் ஆரஞ்சுச் சிவப்புத் துகள்கள் நிறைந்த, ஆனால் உட்கரு இன்னும் மடல் பிரியாத இயோசினோஃபில் மைலோசைட்டுகள், அதாவது முதிராத இயோசினோஃபில் வெள்ளையணுக்கள். முதிர்ந்த இயோசினோஃபில் ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் வரும், ஒவ்வாமையிலும் வரும். முதிராத இயோசினோஃபில் கணுவில் உட்கார்ந்திருந்தால் மைலாய்டைத் தேடியே ஆக வேண்டும். இது தெரிய ஸ்லைடு மூன்று, நான்கு மைக்ரானுக்குள் மெலிதாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். தடித்த செக்ஷனில் எல்லாச் செல்லும் லிம்போசைட் மாதிரிதான் இருக்கும். அந்தத் துகள் இல்லாத, மோனோசைட் வழியில் போன கட்டிகளில் இந்தத் துப்பும் கிடைக்காது.

அடுத்த பொறி ஐ.எச்.சி. உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் உள்ள சிடி99 இதற்கு நல்ல உதாரணம். அது யூவிங் சார்கோமாவில் பாசிட்டிவ், லிம்போபிளாஸ்டிக்கில் பாசிட்டிவ், மைலாய்டு சார்கோமாவிலும் பல சமயம் பாசிட்டிவ். ஆகவே அது ஒன்றை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. சிடி45 மங்கலாக வந்தது பயனுள்ள தகவல். யூவிங்கில் அது வராது. முதிர்ந்த லிம்போமாவில் பெரும்பாலும் அழுத்தமாக வரும். பிளாஸ்ட் செல்களில்தான் இப்படி மங்கும். கி-67 80 சதவீதம் என்பது வேகமாக வளர்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

இனி போட வேண்டிய முதல் சுற்று ஆன்டிபாடிகள்: எம்.பி.ஓ. (முன்பு சொன்ன மைலோபெராக்சிடேஸ்), சிடி117, சிடி34, சிடி43, சிடி68, லைசோசைம், டி.டி.டி., பாக்ஸ்5. சிடி3 நெகட்டிவ், சிடி20 நெகட்டிவ், ஆனால் சிடி43 பாசிட்டிவ் என்று வந்தால் அதை மைலாய்டு என்று எடுத்துக்கொண்டு மேலே தேட வேண்டும் என்பது இந்தத் துறையில் பழைய பாடம். சிடி43 மலிவான ஆன்டிபாடி; பெரிய ஐ.எச்.சி. பெட்டி இல்லாத லேபிலும் வைத்திருக்கக் கூடியது.

எம்.பி.ஓ. பாசிட்டிவ் என்றால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. ஆனால் பிளாஸ்ட் செல்லிலேயே பாசிட்டிவா, ஊடே கிடக்கும் சாதாரண நியூட்ரோஃபிலில் பாசிட்டிவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எம்.பி.ஓ. நெகட்டிவ் என்பதால் ஒதுக்கிவிடவும் கூடாது: மோனோபிளாஸ்ட் வகையில் அது பெரும்பாலும் வராது. அங்கே லைசோசைம், சிடி68-ன் பி.ஜி.எம்.1 குளோன் (குளோன் என்பது ஆன்டிபாடியின் வகை), சிடி163, சிடி14 கைகொடுக்கும். சிடி68-ன் கே.பி.1 குளோன் எளிதில் பிடிக்கும். ஆனால் மேக்ரோஃபேஜ், சில மெலனோமா என்று பலவற்றிலும் பிடிக்கும். அது ஒன்று பாசிட்டிவ் என்று மட்டும் எழுதி ரிப்போர்ட் முடித்திருந்தால் நம்பாதீர்கள். சிடி34 நெகட்டிவ் என்பதும் ஒதுக்கக் காரணமல்ல. மோனோசைட் வகையிலும் என்.பி.எம்.1 மரபணு மாற்றம் உள்ளவற்றிலும் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

மூன்று பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 8-க்கும் 21-க்கும் இடையே குரோமோசோம் இடம்மாறிய கட்டிகளில் பாக்ஸ்5, சிடி19, சிடி79ஏ ஆகிய பி-செல் அடையாளங்கள் மங்கலாகவாவது வரும், டி.டி.டி.யும் வரலாம். அதைப் பார்த்து ‘பி லிம்போபிளாஸ்டிக்’ என்று எழுதிவிடுவது நடப்பதுதான். எம்.பி.ஓ. போடாமல் லிம்போபிளாஸ்டிக் என்று முடிவு செய்யவே கூடாது என்பது என் கருத்து. இரண்டாவது, தோலில் ஊதாநிறத் தடிப்பாக வரும் பிளாஸ்டிக் (பிளாஸ்ட் வகை) பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் கட்டி. சிடி4, சிடி56, சிடி123 மூன்றும் பாசிட்டிவாக இருக்கும். மோனோசைட் வகை மைலாய்டு சார்கோமாவிலும் இந்த மூன்றும் சேர்ந்து வரக்கூடும். எம்.பி.ஓ.வும் லைசோசைமும் நெகட்டிவா, டி.சி.எல்.1 பாசிட்டிவா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். மூன்றாவது புற்றே அல்ல: மஜ்ஜைக்கு வெளியே ரத்தம் உற்பத்தியாவது. தலசீமியா, மைலோஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டிக் கட்டி மாதிரி வரும். அதில் எம்.பி.ஓ. பாசிட்டிவ் செல்கள் தாராளமாக இருக்கும். ஆனால் மெகாகேரியோசைட்டும் சிவப்பணு முன்னோடிகளும் கூடவே இருக்கும், பிளாஸ்ட் கூட்டம் இருக்காது. சிடி34-ம் சிடி117-ம் போட்டால் அங்கொன்று இங்கொன்றாகத்தான் தெரியும்.

திசு எடுப்பதில்தான் பாதிக் கதை

ஊசி குத்திப் பார்ப்பதில், அதாவது எஃப்.என்.ஏ.சி.யில், சந்தேகம் எழும், உறுதி கிடைக்காது. வட ஆற்காட்டுப் பக்கம் கழுத்து நெறி என்றால் முதலில் டி.பி. என்று நினைப்பதில் குற்றமில்லை, அதுதான் அதிகம். ஆனால் கிரானுலோமாவோ (டி.பி.யில் வரும் செல் திரள்), கிருமியோ, சிபிநாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பாசிட்டிவோ எதுவும் இல்லாமல் உத்தேசமாக மாத்திரை கொடுத்தால், அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும். கட்டி வளர்கிறது என்றால் கெடு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கணு என்றால் முழுக் கணுவையும் எடுப்பது சிறந்தது. ஆழத்தில் இருந்தால் ஸ்கேன் துணையோடு 14 முதல் 18 கேஜ் ஊசியால் நான்கைந்து துண்டு. எடுத்த உடனே செய்ய வேண்டிய முதல் காரியம் இம்ப்ரின்ட்: வெட்டிய பரப்பைச் சுத்தமான ஸ்லைடில் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நான்கைந்து ஸ்லைடு, காற்றில் உலரவிட்டு, ஒன்றுக்கு லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயம். மற்றவை எம்.பி.ஓ. சைட்டோகெமிஸ்ட்ரிக்கும் ஃபிஷ்ஷுக்கும் (குரோமோசோம் மாற்றத்தை ஒளிரும் சாயத்தால் காட்டும் சோதனை) மிச்சம். பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டிய செக்ஷனில் தெரியாத ஆவர் கம்பி, அந்த மெல்லிய சிவப்பு ஊசி, இம்ப்ரின்டில் ஒரே ஒரு செல்லில் தெரிந்தாலும் மைலாய்டு என்பதில் சந்தேகமே இல்லை. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஸ்லைடு நீட்ட ஆள் இல்லாததால்தான் பெரும்பாலும் இது விட்டுப்போகிறது.

பிறகு திசுவை மூன்றாகப் பிரிக்க வேண்டும். பெரிய பங்கு ஃபார்மலினில். ஒரு சிறு துண்டு, பச்சைப்பயறு அளவு போதும், செல்களை உயிரோடு வைக்கும் ஆர்.பி.எம்.ஐ. திரவத்தில், ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அடையாளம் பார்ப்பது). இன்னொன்று கிருமி படாமல் வளர்ப்புத் திரவத்தில் குரோமோசோம் பரிசோதனைக்கு. ஃபார்மலினில் போட்ட திசுவில் இந்த இரண்டும் நடக்காது. முழுவதையும் ஃபார்மலினில் போட்ட பிறகு நினைவுவந்து பயனில்லை.

ஃபார்மலின் என்றால் 10 சதவீத நியூட்ரல் பஃபர் செய்த ஃபார்மலின். திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு அளவு இருக்க வேண்டும். அது உள்ளே ஊறுவது மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆகவே இரண்டு சென்டிமீட்டர் கணுவை அறுக்காமல் அப்படியே போட்டால் வெளிவளையம் பதப்பட்டு நடுப்பகுதி அழுகியிருக்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் கீறிப் போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. ஞாயிறும் பண்டிகையும் சேர்ந்து வரும் நாட்களில் பாட்டில் அலமாரியிலேயே இருந்துவிடும், டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிட்டதால் மரபணுப் பரிசோதனை ‘போதாத மாதிரி’ என்று திரும்பும். குறுகிய வாய் மருந்துக் குப்பியில் திணித்து அனுப்புவது, ஃபார்மலின் இல்லாததால் சலைனில் இரவு முழுக்க வைத்திருப்பது, ஸ்பிரிட் ஊற்றி அனுப்புவது, இவை மூன்றும் இன்றைக்கும் நடக்கின்றன. முழுக் கணுவையும் இப்படிக் கெடுத்த பிறகு எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அவர்களால் செய்ய முடிவது குறைவு.

எலும்பிலிருந்து எடுத்தது என்றால் இன்னொரு எச்சரிக்கை. எலும்பை மென்மையாக்க வலுவான நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் டி.என்.ஏ. போய்விடும், ஐ.எச்.சி.யும் பொய் சொல்லும். இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் மெதுவாக வேலை செய்தாலும் அதைத்தான் கேட்க வேண்டும். அல்லது மென்மையான பகுதியைத் தனியாகப் பிரித்து, அமிலமே படாமல் ஒரு பிளாக் போடச் சொல்ல வேண்டும்.

வேலூர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். ஆர்.பி.எம்.ஐ. குப்பியைக் கோடையில் திருவண்ணாமலையிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் செல்கள் செத்துவிடும். தெர்மோகோல் பெட்டி, குளிர்ந்த ஜெல் பை, நடுவில் ஒரு துணிச் சுற்று. ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, உறையவும் கூடாது. அன்றைக்கே, முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்து அனுப்புவதைவிடத் திங்கட்கிழமை காலை எடுப்பது புத்திசாலித்தனம்.

உங்கள் தம்பிக்கு இந்தக் கட்டம் கடந்துவிட்டது. இப்போது இருப்பது பாரஃபின் பிளாக், அதாவது மெழுகில் பதித்த திசு மட்டும். அது போதும், பெரும்பாலும். முதலில் பயாப்சி செய்த லேபில் எழுதிக் கொடுத்து பிளாக்கை வாங்குங்கள். அது நோயாளிக்காகக் கேட்டால் தரப்படும் பொருள்தான், தயங்க வேண்டாம். ஸ்லைடு மட்டும் வாங்கி வந்தால் புதிதாக ஐ.எச்.சி. போட முடியாது. பிளாக் தர மாட்டோம் என்றால் சாயம் போடாத, சார்ஜ் செய்த (திசு ஒட்டிக்கொள்ளும்) ஸ்லைடுகள் 15 முதல் 20 வரை வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய செக்ஷன் வாரக்கணக்கில் கிடந்தால் ஆன்டிஜென் மங்கும், ஆகவே வாங்கிய கையோடு சேர்த்துவிட வேண்டும். பிளாக்கைக் கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். மெழுகு உருகிவிடும்.

பிளாக்கில் திசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் அதைச் செலவழிப்பதில் சிக்கனம் வேண்டும். ஒவ்வொரு லேபும் முதலிலிருந்து இருபது ஆன்டிபாடி போட்டு, மூன்றாவது இடத்தில் மரபணு பார்க்கத் திசுவே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும் துயரம். முந்தைய ஐ.எச்.சி. ஸ்லைடுகளையும் சேர்த்துக் கொடுங்கள். போட்டதையே மறுபடி போட வேண்டியிருக்காது.

மஜ்ஜை, ரத்தம், ஸ்கேன்

மைலாய்டு என்று உறுதியானாலும், உறுதியாகும் நிலையில் இருந்தாலும், மஜ்ஜைப் பரிசோதனை கட்டாயம். ரத்த அணுக்கள் எண்ணிக்கை நார்மல் என்ற கம்ப்யூட்டர் அச்சுப் போதாது. ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் தடவிய ரத்தத்தை, ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மஜ்ஜையில் உறிஞ்சி எடுப்பதும் தேவை, எலும்புத் துண்டு எடுப்பதும் தேவை. முதலில் உறிஞ்சும் அரை மில்லிதான் ஸ்மியருக்கு. அதற்கு மேல் இழுத்தால் ரத்தம் கலந்து பிளாஸ்ட் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். அடுத்தடுத்து இழுப்பதில் ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூப் ஃப்ளோவுக்கும் மரபணுவுக்கும், பச்சை மூடி சோடியம் ஹெபாரின் டியூப் குரோமோசோமுக்கும். டியூப் மாறினால் செல் வளராது, பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும், அதாவது இடுப்பில் மறுபடி ஊசி. எலும்புத் துண்டு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருந்தால்தான் திட்டுத் திட்டாக இருக்கும் நோய் அகப்படும்.

கட்டியின் பிளாக்கிலோ மஜ்ஜையிலோ தேட வேண்டிய மரபணு விவரங்கள் சிகிச்சையை மாற்றக் கூடியவை. ஃபிஷ்ஷில் 8;21 இடமாற்றம், 16-ஆம் குரோமோசோம் தலைகீழ், கே.எம்.டி.2ஏ. மரபணு மாற்றம். 16 தலைகீழ் என்பதைக் குடலில் வரும் கட்டிகளில் குறிப்பாகப் பார்க்க வேண்டும். பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற மரபணு இணைப்பு பாசிட்டிவ் என்றால் இது பெரும்பாலும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா முற்றிய நிலை. இமாடினிப் வகை மாத்திரை கூடவே வரும். பி.எம்.எல்-ராரா என்ற இணைப்பு என்றால் ஏ.டி.ஆர்.ஏ. என்ற மருந்தும் ஆர்சனிக்கும், அந்த வகையில் ஆர்சனிக் சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி. உலக அளவில் அறியப்பட்ட இடம். எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1, ஐ.டி.ஹெச். மாற்றங்களும் பார்க்கப்படும். என்.பி.எம்.1-ஐ ஐ.எச்.சி.யிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம்: வழக்கமாக உட்கருவில் இருக்கும் சாயம் சைட்டோபிளாசத்துக்கு வழிந்திருக்கும். மரபணுப் பரிசோதனைக்குக் காசு தட்டுப்பாடு என்றால் இந்த ஒரு சாயமாவது போட்டுப் பார்க்கலாம்.

பெட்-சி.டி. ஸ்கேன் வேறு எங்கெல்லாம் கட்டி இருக்கிறது என்று காட்டும். சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட அடிப்படையாகவும் இருக்கும். ஆனால் டி.பி. கணுவும் அதே மாதிரி ஒளிரும். இரண்டு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டவருக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்: ஒளிரும் இடமெல்லாம் லுகேமியா என்று எண்ணக் கூடாது. முதுகெலும்பு, மூளை, கண்குழி என்றால் எம்.ஆர்.ஐ. அந்த இடங்களில் கட்டி இருப்பவருக்கு முதுகுத்தண்டு நீரும் பார்ப்பார்கள். தட்டணுக்கள் போதுமான அளவு உள்ளனவா என்று பார்த்துவிட்டுத்தான்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. கட்டி வீங்கியிருக்கிறது என்று டெக்ஸாமெத்தசோன் ஊசியோ, பிரெட்னிசலோன் மாத்திரையோ பயாப்சிக்கு முன் கொடுத்துவிட்டால், லிம்போமாவாக இருந்தால் செல்கள் கரைந்து ரிப்போர்ட் குழம்பும். நோய் எது என்று தெரியாதவரை இதைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, மூச்சுத் திணறல் என்றால் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது. அதே நாளில் பயாப்சிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

எங்கே போவது? குடியாத்தத்திலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் சி.எம்.சி.யும் எட்டும் தூரம். எங்கே போனாலும் ரத்தவியலும் ஹெமடோபேத்தாலஜியும் (ரத்தப் புற்றுத் திசுவைப் பார்க்கும் பிரிவு) ஒரே கூரையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டியைக் காட்டப் பொது சர்ஜரி, ரிப்போர்ட்டைக் காட்ட ஆன்காலஜி என்று அலைந்தால் நாட்கள் ஓடும். சி.எம்.சி. என்றால் டவுன் வளாகமா ராணிப்பேட்டை வளாகமா என்று அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். எடுத்துப்போக வேண்டியவை: பிளாக், எல்லா ஸ்லைடுகள், பயாப்சி எண் தெரியும் அசல் ரிப்போர்ட், எஃப்.என்.ஏ.சி. ஸ்லைடு, ஸ்கேன் சி.டி., டி.பி. மாத்திரைச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. காப்பீட்டுக் கவுன்ட்டரை அட்மிஷனுக்கு முன்பே பாருங்கள், பின்பு ஓடுவது கஷ்டம்.

டி.பி. மாத்திரைச் சீட்டை ஏன் சொல்கிறேன் என்றால், அதில் உள்ள ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். லுகேமியா சிகிச்சையில் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் வோரிகோனசோலும், லுகேமியாவுக்கே கொடுக்கும் வெனெடோக்ளாக்ஸும் அதில் அடங்கும். டி.பி.க்கு ஆதாரம் இல்லை என்றால் நிறுத்துவதா, இருக்கிறது என்றால் மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லாமலும் இருக்காதீர்கள்.

மைலாய்டு சார்கோமா என்று உறுதியானால் அடுத்து நடப்பது அக்யூட் மைலாய்டு லுகேமியாவுக்கான முழு சிகிச்சை. மஜ்ஜை சுத்தமாக இருந்தாலும் அதுதான். பிறகு மாற்று மஜ்ஜை தேவையா என்ற பேச்சும் வரும். சி.எம்.சி.யில் 1986-லிருந்து அது நடக்கிறது. இதில் அண்ணனாகிய உங்களுக்கு இரண்டு வேலை. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர் என்பதால் உங்களுடைய எச்.எல்.ஏ. (மாற்று மஜ்ஜைக்குப் பொருத்தம் பார்க்கும் திசு அடையாளம்) தம்பியோடு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் அப்படியே. கீமோவின் முதல் சுற்றிலேயே அந்தப் பரிசோதனையைக் கொடுத்துவிடலாம். இன்னொன்று, ரத்த வங்கியில் ஈடாக ரத்தம் கேட்கும்போது நீங்களும் பெற்றோரும் கொடுக்கும் ரத்தம் தம்பிக்கே ஏற்றப்படக் கூடாது. ஏற்றினால் பின்னால் உங்கள் மஜ்ஜையை அவர் உடம்பு ஏற்காமல் போகக்கூடும். ‘பொது இருப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நோயாளியின் உடன்பிறந்தவன்’ என்று கவுன்ட்டரில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தம்பிக்கு இன்னும் குழந்தை இல்லை என்றால் முதல் கீமோவுக்கு முன்னால் விந்தணு சேமித்து வைப்பதைப் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். வீட்டில் யாரும் இதை முதலில் பேச மாட்டார்கள், டாக்டரும் அவசரத்தில் மறந்துவிடலாம்.